மடியா, நோயா?

இளைஞன் ஒருவன் களைத்திருக்கிறான் என்றால் அதை நம்ப நம் நாட்டில் எவரும் முன்வருவதில்லை. முதியவர் களைத்தால் வயதைக் காரணம் கூறுவர். தாய்மார் களைத்தால் வீட்டு வேலையைக் கூறுவர். குழந்தை களைத்தால் உடனே நெற்றியைத் தொட்டுப் பார்ப்பர். இருபது வயதுக் காளை களைத்தால் மட்டும் நெற்றியைத் தொடக் கை எழுவதில்லை, நாக்குத்தான் எழுகிறது. "சோம்பேறி" என்ற ஒரே சொல்லில் ஆராய்ச்சி, தீர்ப்பு, தண்டனை ஆகிய மூன்றும் முடிந்துவிடுகின்றன. அச்சொல்லை ஓராண்டுக்கு மேல் சுமந்தவன் நான். ஆதலின் அதுபற்றிச் சில கூற எனக்கு உரிமையுண்டு என எண்ணுகிறேன்.

என் ஊர் கொச்சியின் மட்டாஞ்சேரி. மலையாளமும் தமிழும் கொங்கணியும் குஜராத்தியும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஊர். மிளகும் சுக்கும் மணந்த பழைய கிடங்குகளுள் பல இன்று விடுதிகளாகவும் கலைப்பொருட் கடைகளாகவும் மாறிவிட்டன. எனினும் வாணிகம் முற்றும் ஒழிந்துவிடவில்லை. என் தந்தையார் அத்தகைய கிடங்கு ஒன்றில் கணக்கெழுதி எங்களை வளர்த்தவர்.

உழைப்பைத் தெய்வமாக எண்ணும் ஊர் அது. ஒரு காலத்தில் அங்குள்ள துறைமுகத்தில் 'சாப்பா' என்னும் வழக்கம் இருந்தது. அன்றைய வேலைக்கான உலோக வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே வீசுவார்கள். முண்டியடித்துப் பொறுக்கியவனுக்கு வேலை, தளர்ந்தவனுக்கு வெறுங்கை. அவ்விழிவை எதிர்த்துத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்ததும், 1953 செப்டம்பரில் அவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்ததும் இன்றும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் நினைவுகூரும் செய்திகள். அத்தகைய ஊரில் பிறந்த ஒருவன், மூட்டை தூக்காமல் புத்தகம் மட்டுமே தூக்குகின்ற ஒருவன், "உடம்பு அசதியாக இருக்கிறது" என்று சொல்வது எவ்வளவு வெட்கத்துக்குரியது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

எனக்கு வந்தது ஒரே நாளில் வந்ததன்று. அப்போது நான் இரண்டாம் ஆண்டு மாணவன். முதலில் உறக்கம் மிகுந்தது. எட்டு மணி நேரம் உறங்கி எழுந்தாலும் உறங்காதவன் போலவே இருப்பேன். விரிவுரை மண்டபத்தில் கண்கள் தாமாக மூடும். படித்தது நினைவில் நிற்கவில்லை. விடுதியின் இரண்டாம் மாடிக்கு ஏறுமுன் நடுவில் ஒருமுறை நின்றுகொள்வேன். நண்பர்கள் காணாதிருக்கக் கைப்பேசியைப் பார்ப்பதுபோல் நடிப்பேன். விடுமுறைக்கு ஊர் வந்தால், கொச்சியின் மேமாதப் புழுக்கத்தில் எல்லோரும் விசிறிக்கடியில் தவிக்க, நான் போர்வையைத் தேடுவேன். மலச்சிக்கல், வறண்ட தோல், சற்றே கரகரத்த குரல், குறைவாக உண்டும் கூடிய எடை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. தனித்தனியே பார்த்தால் ஒன்றும் பெரிதன்று. அவற்றை ஒருங்கே சேர்த்துப் பார்க்க யாருமில்லை என்பதே என் துன்பம்.

அறிவுரைக்குக் குறைவில்லை. உறவினர் ஒருவர் லேகியம் கொண்டுவந்தார். மருத்துவர் ஒருவர், "படிக்கிற பையன், மனச்சோர்வுதான்" என்று சொல்லி, சத்து மருந்து எழுதித் தந்து இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டார். உடற்பயிற்சிக் கூடத்து நண்பன் ஒருவன் காதோடு சொன்னான், "ஆண்மை ஹார்மோன் குறைஞ்சிருக்கும்டா. ஊசி போட்டா பத்து நாள்ல சிங்கமாயிடுவ." என் தந்தையாரோ ஒரே கேள்விதான் கேட்டார்: "உன் வயசுல நான் மூட்டை மேல மூட்டை ஏறி எண்ணியிருக்கேன். உட்கார்ந்து படிக்கிறதுக்கே உனக்கு வலிக்குதாடா?" அதற்கு என்னிடம் விடையில்லை. வருகைக் குறைவால் அவ்வாண்டுத் தேர்வை எழுத முடியாமற் போனபோது, அவர் சொன்னதே உண்மை என்று நானும் நம்பத் தொடங்கிவிட்டேன். நோயைவிட அந்த நம்பிக்கையே என்னை அதிகம் வீழ்த்தியது.

தமிழ் படிக்கும் நமக்கு இங்கே வள்ளுவர் நினைவுக்கு வராமற் போகார். மடியின்மை என்று அறுபத்தோராம் அதிகாரத்தை வகுத்தார் அவர். காலம் நீட்டித்தல், மறதி, சோம்பல், உறக்கம் ஆகிய நான்கையும் கெட்டொழிவார் விரும்பும் குற்றங்களாக அங்கே அடுக்கிக் காட்டுகிறார். எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் அக்குறள் வந்த நாளில் என் தந்தையார் என்னை அழைத்துப் படிக்கச் சொன்னார். நான்கு குற்றமும் என்னிடம் இருந்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் அதே வள்ளுவர்தாம் தொண்ணூற்றைந்தாம் அதிகாரமாக மருந்து என்பதையும் வகுத்தார். நோய் இன்னதென ஆராய்ந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, தணிக்கும் வழியையும் ஆராய்ந்து, பிறகே செயலில் இறங்கவேண்டும் என்கிறார் அங்கே. ஓர் இளைஞனின் களைப்பு எந்த அதிகாரத்தைச் சேர்ந்தது? இக்கேள்வியைக் கேட்காமலே நாம் அறுபத்தொன்றைத் திறந்துவிடுகிறோம். நான் கூறவந்தது இவ்வளவே.

என் கதைக்கு மீள்கிறேன். தேர்வை இழந்த சில வாரங்களுக்குப் பின், அண்டை வீட்டார் வற்புறுத்தலால் தந்தையார் என்னை வேறொரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். அவர் அதிகம் பேசவில்லை. ஆனால் நிறையக் கேட்டார். குளிர் தாங்குகிறதா, மலம் கழிகிறதா, முகச்சவரம் எத்தனை நாளைக்கு ஒருமுறை, குடும்பத்தில் யாருக்கேனும் கழுத்தில் வீக்கம் உண்டா என்றெல்லாம் வினவினார். பிறகு என்னை நாற்காலியில் மண்டியிடச் சொல்லி, குதிகாலுக்கு மேலுள்ள தசைநாரைச் சிறு சுத்தியலால் தட்டினார். பாதம் துள்ளியது, ஆனால் தன் நிலைக்கு மீள்வதில் தயங்கித் தயங்கி மீண்டது. அவர் என் தந்தையாரை அருகே அழைத்து மீண்டும் தட்டிக் காட்டினார். "உங்க பையன் மனசு வச்சாலும் இதை வேகமா மீட்க முடியாது" என்றார்.

என் தந்தையார் அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தட்டிய பாதத்துக்கு மடி ஏது? அதற்கு அறிவுரை கூற இயலுமா? மறுநாள் இரத்தப் பரிசோதனையின் விடை வந்தது. தைராய்டு சுரப்பி தன் தொழிலைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டிருந்தது.

இச்சுரப்பியைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வது நல்லது. குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழலின் முன்புறம், ஏறத்தாழ இருபது கிராம் எடையில், வண்ணத்துப்பூச்சி வடிவில் அமர்ந்திருப்பது அது. கிரேக்க மொழியில் கேடயத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து 1656-இல் தாமஸ் வார்ட்டன் என்னும் ஆங்கில மருத்துவர் அதற்குப் பெயரிட்டார். அது சுரக்கும் தைராக்சின் என்னும் நீரே உடலின் ஒவ்வோர் உறுப்பும் எந்த வேகத்தில் இயங்கவேண்டும் என்பதை முறைப்படுத்துகிறது. இத்தகைய சுரப்புகளுக்கு ஹார்மோன் என்ற பெயரை 1905-இல் வழங்கியவர் ஸ்டார்லிங் என்னும் அறிஞர். தூண்டி இயக்குவது என்பது அதன் பொருள். தைராக்சின் குறைந்தால் நெஞ்சு மெல்லத் துடிக்கும். குடல் மெல்ல அசையும். எண்ணமும் மெல்ல நடக்கும். வெளியிலிருந்து நோக்குவோர்க்கு இவையனைத்தும் சோம்பலாகவே தோன்றும்.

மூளையின் அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்னும் சுரப்பி ஒன்றுண்டு. தைராய்டை மேற்பார்வையிடுவது அதன் வேலை. இரத்தத்தில் தைராக்சின் குறையக் குறைய, பிட்யூட்டரி தன் தூண்டுநீரைக் கூட்டிக்கொண்டே போகும். பரிசோதனைச் சீட்டில் டி.எஸ்.எச். என்று குறிப்பிடுவது அத்தூண்டுநீரைத்தான். என் சீட்டில் அவ்வளவு பல மடங்கு உயர்ந்திருந்தது. வேலை செய்ய இயலாமல் வீழ்ந்த கூலியாளைப் பார்த்து மேற்பார்வையாளன் மேலும் மேலும் உரக்கக் கூவுவதுபோன்ற நிலை அது. எண்ணிப் பார்த்தேன், என் உடலுக்குள் நடந்ததும் என் வீட்டுக்குள் நடந்ததும் ஒன்றே. சுரப்பி சோர்ந்தது, பிட்யூட்டரி அதட்டியது. நான் சோர்ந்தேன், வீடு அதட்டியது. இரண்டு அதட்டலாலும் பயன் விளையவில்லை.

இந்நோயைக் கண்டுபிடிக்க ஏன் ஓராண்டு சென்றது? காரணம் இரண்டு என்பேன். ஒன்று, இது பெண்களின் நோய் என்னும் எண்ணம். அவ்வெண்ணத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1873-இல் லண்டனில் வில்லியம் கல் இந்நிலையை விவரித்தபோது வயதுவந்த பெண்களிடம் காணும் நிலையாகவே விவரித்தார். தைராய்டை உடலே தாக்கி அழிக்கும் நோயை 1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ எழுதியபோது அவர் காட்டிய நால்வரும் பெண்களே. இந்நோய் பெண்களுக்கே மிகுதியாக வருகிறது என்பது உண்மைதான். மிகுதி என்பது வேறு. அவர்களுக்கு மட்டும் என்பது வேறு. இவ்வேறுபாட்டை மறந்ததால் என்னைப் போன்றோர் கணக்கிலிருந்து விடுபட்டுப் போகிறோம். பெண்களுக்கும் இவ்வெண்ணத்தால் நன்மையில்லை. "பொம்பளைங்களுக்கு வர்றதுதானே" என்று அவர்கள் துன்பம் எளிதாகத் தள்ளப்படுகிறது.

இரண்டாவது காரணம், கடற்கரைக்கு இந்நோய் வராது என்னும் நம்பிக்கை. "மீன் தின்னும் ஊருக்குத் தைராய்டு ஏது?" என்று எங்கள் உறவினர் ஒருவர் கேட்டார். அயோடின் குறைவால் கழுத்துக்கழலை வருவதை நாமெல்லாம் பள்ளியில் படித்திருக்கிறோம். 1956 முதல் இமயமலைச் சாரலின் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் இராமலிங்கசுவாமியும் அவர் தோழர்களும் அயோடின் கலந்த உப்பைக் கொடுத்து அக்கழலையைக் குறைத்துக் காட்டியது இந்திய மருத்துவத்தின் பெருமைகளுள் ஒன்று. ஆனால் அது ஒரு காரணம் மட்டுமே. அயோடின் போதிய அளவு கிடைக்கும் கொச்சியிலேயே 971 வயதுவந்தோரைச் சோதித்து, அதன் முடிவை 2009-இல் வெளியிட்டார்கள். அவர்களில் நூற்றுக்கு 3.9 பேரிடம் தைராய்டுக் குறை வெளிப்படையாக இருந்தது. மேலும் 9.4 பேரிடம் அது மறைநிலையில் இருந்தது. அதாவது தைராக்சின் அளவு சரியாக இருந்தும் தூண்டுநீர் மட்டும் உயர்ந்திருந்தது. அம்மறைநிலை பெண்களில் நூற்றுக்கு 11.4 ஆகவும் ஆண்களில் 6.2 ஆகவும் காணப்பட்டது. மறைநிலையுற்றோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் இரத்தத்தில், தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் இருந்தன. மீனும் உப்பும் அத்தாக்குதலைத் தடுப்பதில்லை. ஆண்களில் ஏறத்தாழப் பதினாறு பேருக்கு ஒருவர் என்பது சிறு தொகையா? அவ்வாய்வின் தலைப்பிலேயே, கண்டறியப்படாத நோய் என்ற சொல் அமைந்திருக்கிறது. நம் சோம்பேறிகளுள் எத்தனை பேர் கண்டறியப்படாதவர்களோ!

இதற்கு மருந்தில்லையா என்றால், இவ்வளவு எளிதாக மருந்து அமைந்த நோய்கள் சிலவே. 1891-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மரே என்னும் இளம் மருத்துவர், ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை நாற்பத்தாறு வயதுப் பெண்மணி ஒருவருக்கு ஊசிவழிச் செலுத்தினார். அப்பெண்மணி நலம் பெற்று மேலும் இருபத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். 1914-இல் அமெரிக்காவில் கெண்டல் தைராக்சினைத் தனியே பிரித்தெடுத்தார். 1927-இல் ஹாரிங்டனும் பார்கரும் அதைச் செயற்கையாகவே ஆக்கிக் காட்டினர். இன்று காலையில் வெறும் வயிற்றில் ஒரு சிறு மாத்திரை போதும். விலையும் ஏழைக்கு எட்டாததன்று. ஆறு அல்லது எட்டு வாரங்களுக்குப் பின் மீண்டும் இரத்தம் பார்த்து அளவைத் திருத்துவர். எனக்கு இரண்டு மாதத்தில் மாடிப்படி குறுகியதுபோல் தோன்றிற்று. நான்கு மாதத்தில் படித்தது மனத்தில் தங்கிற்று. இழந்த ஆண்டை மட்டும் எந்த மாத்திரையும் மீட்டுத் தரவில்லை.

இனி, மறுபக்கத்தையும் கூறாவிட்டால் நான் நேர்மையற்றவனாவேன். களைத்தவர் எல்லோருக்கும் தைராய்டு நோய் என்று நான் சொல்லவில்லை. இரத்தசோகை, நீரிழிவு, காசநோய், உறக்கத்தில் மூச்சு தடைப்படுதல், பி12 என்னும் உயிர்ச்சத்தின் குறைவு, மனச்சோர்வு நோய் எனப் பல வாயில்கள் வழியாகக் களைப்பு நுழையும். மறைநிலைத் தைராய்டுக் குறை உள்ளவர்களிலும் பலருக்கு மருந்தே தேவைப்படுவதில்லை. இரவு இரண்டு மணிவரை கைப்பேசியில் விழித்துவிட்டுக் காலையில் சுரப்பியைக் குறைகூறுவோரும் நம் விடுதியில் உண்டு. அவர்கள் மருந்துக் கடைக்குப் போகவேண்டியதில்லை, படுக்கைக்குப் போனாற் போதும்.

ஆண்மை ஹார்மோன் ஊசி பற்றியும் ஒரு சொல். நண்பன் சொன்னதை நான் கேட்டிருந்தால் என்னவாகியிருக்கும்? டெஸ்டோஸ்டிரோனை வெளியிலிருந்து செலுத்தினால், போதுமான அளவு இருக்கிறதென்று மூளை எண்ணி, உடலின் சொந்த உற்பத்தியை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தியும் அதனுடன் குறையும். பிள்ளைப்பேற்றையே பணயம் வைக்கும் சூதாட்டம் அது. உண்மையிலேயே அக்குறை உள்ளவர்கள் உண்டு; அவர்களுக்கு மருத்துவம் உண்டு. அதையும் அதிகாலை இரத்தத்தில், வேறுவேறு நாட்களில் இருமுறையேனும் அளந்தே முடிவு செய்வர். தைராய்டு குன்றினால் ஆண்மை ஹார்மோனின் அளவும் சிலருக்குத் தாழ்வதுண்டு. முதற்குறை தீர்ந்தால் அதுவும் சீராகும். வேரைப் பாராமல் கிளைக்கு நீரூற்றுவதால் யாது பயன்?

இன்னொரு கேள்வியும் எஞ்சி நிற்கிறது. எல்லாச் சோதனையும் செய்து எதுவும் அகப்படாவிட்டால்? அத்தகையோரும் இருக்கிறார்கள். அவர்கள் நிலை என் நிலையைவிடக் கொடியது. என்னிடம் காட்டுவதற்கு ஒரு சீட்டாவது இருந்தது. அவர்களிடம் அதுவும் இல்லை. அளவுகோலில் அகப்படாததாலேயே ஒருவன் துன்பம் பொய்யாகிவிடுமா? மருத்துவ வரலாற்றைப் பாருங்கள். 1873-க்கு முன்னும் இந்நோய் இருந்தது. அதற்குப் பெயர்தான் இல்லை. அந்நாளில் எத்தனை பேர் மந்தமதியர் என்றும் மடியர் என்றும் ஏச்சுக் கேட்டே மடிந்தார்களோ! ஆகவே சோதனையில் விடை கிட்டாதவனை மீண்டும் அறுபத்தோராம் அதிகாரத்துக்கு அனுப்பிவிடாமல், அவன் சொல்லை நம்பி, சில மாதங்களுக்குப் பின் மறுபடியும் பார்ப்பதே அறிவுடையோர் செயல்.

மாணவ நண்பர்களே! நம்மால் இயன்றது என்ன? பேராசிரியர்களையும் விடுதிக் காப்பாளர்களையும் நம் சங்கத்தின் வாயிலாக ஒன்று கேட்போம். வருகை குறைந்த மாணவனுக்கு விலக்குக் கடிதம் எழுதுமுன், அவனை ஒருமுறை மருத்துவரிடம் அனுப்பும் வழக்கத்தை ஏற்படுத்தட்டும். பெருஞ்செலவன்று, அடிப்படை இரத்தச் சோதனைகளே போதும். நம் அறைத்தோழன் வாரக் கணக்கில் எழாமல் கிடந்தால், அவனுக்குப் பட்டப்பெயர் சூட்டுமுன் அவன் அருகில் அமர்ந்து நான்கு கேள்வி கேட்போம். களைத்திருப்பவனும் வெட்கத்தை விட்டொழித்து வாய் திறக்கட்டும். உடம்பின் குறையை ஆண் ஒருவன் வெளியிட்டால் ஆண்மை குறைந்துவிடும் என்னும் மூடநம்பிக்கையைக் கல்வி கற்ற நாமாவது கைவிட வேண்டாமா?

என் தந்தையாரைப் பற்றி ஒரு சொல் கூறி முடிக்கிறேன். அவரை நான் குறை கூறவில்லை. அவர் காலமும் ஊரும் கற்பித்ததை அவர் எனக்குக் கற்பித்தார். மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்று தோப்பும்படி வரையில் பேருந்தில் அவர் ஒன்றும் பேசவில்லை. இறங்கி நடக்கும்போது மெல்லச் சொன்னார்: "முப்பது வருஷமா குத்தூசி போட்டுப் பார்க்காம ஒரு மூட்டைக்கும் விலை எழுதினதில்ல தம்பி. உன்னைத்தான் பார்க்காமலே எழுதிட்டேன்."

வாணிகம் அறிந்தவர்க்கு அச்சொல்லின் பாரம் விளங்கும். சாக்கின் வெளித்தோற்றத்தைக் கொண்டு மிளகுக்கு எவரும் விலை சொல்வதில்லை. குத்தூசியைச் செருகி, உள்ளிருந்து சில மணிகளை உருவி, உள்ளங்கையில் வைத்து, ஈரம் பார்த்து, கனம் பார்த்து, பிறகுதான் வாய் திறப்பார்கள். மிளகுக்குக் காட்டும் அம்மரியாதையை நம் பிள்ளைகளுக்கும் தோழர்களுக்கும் காட்டுவோமாக.